சுமைகூலி முக்கால் பணம்

(சிறு மின்னாற்றல் கணிப்பொறிகளில் நினைவகமும் வரைகலையும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே முதலில் பேசுவர். செயலி எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்றே கடைக்காரர் சொல்கிறார். வாங்குபவரும் அதையே கேட்கிறார். மேசைமேல் இருந்து, சுவரிலிருந்து மின்சாரம் பெறும் கணிப்பொறிக்கு இக்கேள்வி ஓரளவு பொருந்தும். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் இது போதாது. கையளவு மின்கலம் நாள் முழுவதும் உழைக்க வேண்டும். பல கருவிகளில் விசிறியின்றியே சூடு தணிய வேண்டும். இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கணக்கிட வேண்டிய எண்களைச் செயலி எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்து வருகிறது? அந்தப் போக்குவரத்துக்கு ஆகும் செலவு என்ன? இவற்றை எளிய கணக்குகள் மூலம் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சறைப்பெட்டியும் கடைத்தெருவும்

சமைப்பவர் கடுகையும் சீரகத்தையும் அஞ்சறைப்பெட்டியில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார். ஒவ்வொரு சிட்டிகைக் கடுகுக்கும் கடைத்தெருவுக்குப் போய்வந்தால், தாளிக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரமே மிகுதியாகும். செயலியின் நிலையும் இதுவே. சில்லுக்கு உள்ளேயே இருக்கும் சிறிய கேஷ் நினைவகம் அதன் அஞ்சறைப்பெட்டி. சில்லுக்கு வெளியே இருக்கும் டி-ரேம் என்னும் முதன்மை நினைவகம் அதன் கடைத்தெரு.

இது வெறும் உவமையன்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014ஆம் ஆண்டு, 45 நானோமீட்டர் சில்லுகளுக்கான ஆற்றல் கணக்கொன்றை வெளியிட்டார். அதன்படி 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட ஆகும் ஆற்றல் 0.1 பிக்கோஜூல். 8 கிலோபைட் கேஷ் நினைவகத்திலிருந்து 64 பிட்டுகளை எடுக்க 10 பிக்கோஜூல். அதே 64 பிட்டுகளை டி-ரேமிலிருந்து கொண்டுவர 1,300 முதல் 2,600 பிக்கோஜூல்! 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். இங்கே சுமைகூலி, சரக்கின் விலையைப்போல் ஆயிரக்கணக்கான மடங்காக இருக்கிறது. இப்போதைய சில்லுகளில் இவ்வளவுகள் எல்லாமே குறைந்துள்ளன. ஆயினும் அருகுக்கும் தொலைவுக்கும் உள்ள பெரும் இடைவெளி நீங்கவில்லை.

இதன் காரணம் நாம் வகுப்பில் படித்த மின்தேக்கிப் பாடத்திலேயே உள்ளது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மின்தேக்குத்திறன் உண்டு. கம்பி நீண்டால் அது கூடும். அதை மின்னேற்றி இறக்க ஆகும் ஆற்றல், மின்தேக்குத்திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே ஆற்றலைச் சேமிக்க இரு வழிகளே முதன்மையானவை: கம்பியைக் குறுக்குவது ஒன்று, மின்னழுத்தத்தைத் தாழ்த்துவது மற்றொன்று. சாதாரண டிடிஆர்4 நினைவகம் 1.2 வோல்ட்டில் பேசுகிறது. கைப்பேசிகளுக்கென வந்த எல்பிடிடிஆர்4எக்ஸ் நினைவகத்தின் வெளியிணைப்புகள் 0.6 வோல்ட்டில் பேசுகின்றன.

மற்றொன்றும் உண்டு. டி-ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டமே. அது கசிந்துகொண்டே இருப்பதால் 32 அல்லது 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஆகவே கணிப்பொறி உறங்கும்போதும் நினைவகம் உறங்குவதில்லை. நினைவகத்தைப் பெருக்கினால் இந்தச் செலவும் பெருகும்.

ஒரு திரையின் கணக்கு

மேற்கூறிய சுமைகூலியை மிகுதியாகச் செலவழிப்பது வரைகலைப் பகுதியே. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1920 x 1080 திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட்டு என்றால் ஒரு முழுப் படத்துக்கு 82,94,400 பைட்டு. விநாடிக்கு 60 முறை இதைத் திரைக்கு அனுப்ப, ஏறத்தாழ 0.5 ஜிகாபைட் ஓடியாக வேண்டும். நாம் அசையாத ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

முப்பரிமாண விளையாட்டு என்றால் செலவு இன்னும் கூடும். மனிதனுக்குப் பின்னால் மரம், மரத்துக்குப் பின்னால் சுவர் என ஒரே புள்ளியில் பல பொருள்கள் வரையப்படுகின்றன. எது முன்னால் உள்ளது என்றறிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆழ எண்ணும் வேண்டும். ஆழ எண்ணைப் படிக்க 4 பைட்டு, புதிதாக எழுத 4, நிறத்தை எழுத 4, ஆக ஒருமுறைக்கு 12 பைட்டு. சராசரியாக ஒரு புள்ளி மூன்று முறை வரையப்படுவதாகக் கொண்டால் 36 பைட்டு. திரைக்கு அனுப்பும் 4 பைட்டையும் கூட்டினால் 40. இதை விநாடிக்கணக்கில் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 5 ஜிகாபைட். பொருள்களின் மேற்பரப்புப் படங்களை எடுத்து வரும் செலவை இதில் நான் சேர்க்கவேயில்லை.

ஒரே களஞ்சியம், இரு பங்காளிகள்

இந்த 5 ஜிகாபைட் எவ்வளவு பெரியது என்பதை உண்மையான ஒரு செயலியோடு ஒப்பிட்டுக் காண்போம். 2008இல் இன்டெல் நிறுவனம் மலிவான சிறு மடிக்கணினிகளுக்காக ஆட்டம் என்-270 செயலியை வெளியிட்டது. 4 கோடியே 70 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அதற்கு வகுத்த மின்வரம்பு 2.5 வாட் மட்டுமே. ஆனால் நினைவகத்தை ஆளும் பகுதியும் வரைகலைப் பகுதியும் வேறொரு துணைச் சில்லில் இருந்தன. அந்தத் துணைச் சில்லுகளுக்கு வகுத்த மின்வரம்பு செயலியினுடையதைவிட அதிகம்! எசமானைவிட ஏவலாள் அதிகம் உண்ட கதை இது.

2010இல் வந்த ஆட்டம் என்-450 இக்குறையைக் களைய முயன்றது. நினைவக ஆட்சியும் வரைகலையும் செயலிச் சில்லுக்கு உள்ளேயே குடிபுகுந்தன. செயலியின் மின்வரம்பு 5.5 வாட்டாக உயர்ந்தாலும் பழைய துணைச் சில்லின் சுமை நீங்கியதால் மொத்தச் செலவு குறைந்தது. இதற்குக் கொடுத்த விலை என்ன? நினைவகத்துக்கு ஒரே ஒரு தடம். அதன் கொள்ளளவு விநாடிக்கு 5.3 ஜிகாபைட். நினைவகத்தின் உச்ச அளவு 2 ஜிகாபைட். கணிப்பொறியோடு இணைந்த திரைக்கு உச்ச அளவு 1366 x 768.

இத்திரை வரம்பு கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நம் கணக்கை நினைத்துப் பாருங்கள். 1920 x 1080 திரையில் அந்த விளையாட்டை ஓட்டினால் 5.3இல் 5 ஜிகாபைட் வரைகலைக்கே போய்விடும். செயலி பட்டினி கிடக்கும். அக்காலச் சிறு மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த 1024 x 600 திரையிலோ இதே வேலைக்கு ஏறத்தாழ 1.5 ஜிகாபைட்டே தேவை. சிறிய திரையும் மின்சாரச் சிக்கனத்தின் ஓர் உறுப்பு என்பது இதனால் விளங்கும். ஒரே களஞ்சியத்தில் அள்ளும் இரு பங்காளிகளில் ஒருவர் மிகுதியாக அள்ளினால் மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கட்டம் கட்டமாக வரைதல்

களஞ்சியத்துக்குப் போகும் தடவைகளையே குறைத்தால் என்ன? இவ்வழியில் சென்றவர்களே கைப்பேசி வரைகலைச் செயலிகளை வடிவமைத்தோர். பவர்விஆர், ஆர்ம் நிறுவனத்தின் மாலி ஆகியவை இவ்வகையின. இவை திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்தை முற்றிலும் முடித்தபின்பே அடுத்ததற்குச் செல்கின்றன. 32 x 32 புள்ளிகள் கொண்ட கட்டம் என்று வைத்துக்கொள்வோம். நிறத்துக்கும் ஆழ எண்ணுக்கும் சேர்த்துப் புள்ளிக்கு 8 பைட்டு. மொத்தம் 8 கிலோபைட். இது சில்லுக்குள்ளேயே அடங்கிவிடும். வரைவதும் அழிப்பதும் அஞ்சறைப்பெட்டிக்குள்ளேயே நடந்து, முடிந்த நிறம் மட்டும் வெளியே போகிறது. ஆழ எண்களை வெளியே அனுப்பவே தேவையில்லை.

இதனால் நம் 5 ஜிகாபைட், 1 ஜிகாபைட்டாகக் குறைகிறது. வெளிநினைவகப் போக்குவரத்துக்கு விநாடிக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு 80 முதல் 100 மில்லிவாட் ஆகும் என்பது ஆர்ம் நிறுவனம் நிரலாளர்களுக்குத் தரும் தோராயக் கணக்கு. மிச்சமாகும் 4 ஜிகாபைட்டுக்கு 0.4 வாட் வரை ஆதாயம். இரண்டரை மணி நேரத்தில் இது 1 வாட்-மணி. 15 வாட்-மணி மின்கலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு.

இம்முறையும் இலவசமன்று. எந்தக் கட்டத்தில் எந்த முக்கோணங்கள் விழும் என்னும் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து முதன்மை நினைவகத்தில் வைக்க வேண்டும். காட்சியில் முக்கோணங்கள் பெருகினால் பட்டியலும் பெருகி, ஆதாயத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

அருகில் வைப்பதா, கழற்றும்படி வைப்பதா?

கம்பியைக் குறுக்கும் வழியை இறுதிவரை கொண்டுசென்றால், நினைவகத்தைச் செயலியின் உறைக்குள்ளேயே வைத்துவிடலாம். 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 இவ்வாறு அமைந்தது. நினைவகப் பாதை விநாடிக்கு 68 ஜிகாபைட். என்-450ஐப்போல் ஏறத்தாழ 13 மடங்கு. செயலியும் வரைகலையும் ஒரே நினைவகத்தைப் பொதுவாக ஆள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும் வேலையும் குறைந்தது. ஆனால் உச்ச நினைவகம் 16 ஜிகாபைட். பிற்பாடு கூட்ட வழியில்லை.

2024 செப்டம்பரில் வந்த இன்டெலின் லூனார் லேக் செயலியும் 16 அல்லது 32 ஜிகாபைட்டை உறைக்குள் வைத்தது. நினைவக இணைப்பின் மின்செலவு 40 விழுக்காடு வரை குறைந்ததாக அந்நிறுவனம் கூறியது. ஆயினும் அடுத்து வரும் செயலிகளில் இம்முறை தொடராது என்று அதே ஆண்டு அக்டோபரிலேயே அதன் அப்போதைய தலைவர் பேட் கெல்சிங்கர் அறிவித்தார். பொறியியலில் சரியானது வணிகத்தில் கட்டுப்படியாகாமல் போவதும் உண்டு.

இடைவழி ஒன்றும் பிறந்துள்ளது. நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் கேம்2 என்னும் தரத்தை வெளியிட்டது. இவ்வகையில் சிறு மின்னழுத்த நினைவகத்தையும் ஒரு தட்டையான பலகையில் அமைத்துத் திருகாணியால் பொருத்தலாம், வேண்டும்போது கழற்றலாம். 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 மடிக்கணினியில் இது இடம்பெற்றது.

நமக்கு இதனால் என்ன?

என்னைப்போல் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்க்கு மடிக்கணினி என்பது நினைத்தபோது மாற்றும் பொருளன்று. ஒன்று வாங்கினால் படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை, அதன்பின் தம்பி தங்கையர் படிப்புக்கும், அதுவே உழைக்க வேண்டும். ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்பது நன்று.

முதலாவது, நினைவகத்தில் வரைகலையின் பங்கு எவ்வளவு? 4 ஜிகாபைட் பொருத்தியிருந்தும், பயன்படுத்தத்தக்கது அதைவிடக் குறைவு என்று கணிப்பொறியே காட்டுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இரண்டாவது, நினைவகம் ஒரு தடத்திலா, இரண்டிலா? டிடிஆர்4-2400 பலகை ஒன்று விநாடிக்கு 19.2 ஜிகாபைட் தரும். இரு தடங்களில் இரண்டு பொருத்தினால் 38.4. வரைகலைப் பகுதி தனி நினைவகமின்றி இயங்கும் கணிப்பொறியில் இவ்வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, நினைவகம் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டதா, கழற்றக்கூடியதா? பற்றவைத்ததென்றால், நான்கு ஆண்டு கழித்து வேண்டியதை இன்றே வாங்க வேண்டும். கழற்றக்கூடியதென்றால், இன்று சிறிதாக வாங்கிக் கையில் பணம் சேர்ந்தபின் கூட்டலாம். பற்றவைப்பதில் மின்சாரச் சிக்கனம் இருப்பது உண்மை. ஆனால் மின்கலத்தில் மிச்சப்பட்டதைப் பையிலிருந்து கொடுக்க நேரலாம் என்பதும் உண்மை.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. நினைவகம், வரைகலை, மின்சாரம், விலை ஆகிய நான்கில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றில் குறையும். எல்லாவற்றிலும் சிறந்த செயலி என்று ஒன்று இல்லை. எதை எதற்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அறிந்து தேர்ந்தெடுத்த செயலியே நமக்குச் சிறந்தது என்பது என் துணிபு.