பிள்ளைகளும் இரகசியமும்



வியாபாரி வீட்டுப் பிள்ளை சிறு வயதிலேயே இரகசியத்தோடு பழகுகிறது. சரக்கின் கொள்முதல் விலை என்ன, பேரேட்டில் யார் பெயரில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் கல்லாவின் அருகே உட்கார்ந்திருக்கும் அதன் காதில் விழுகிறது. வெளியில் சொல்லாதே என்கிறோம். ஆனால் எதைக் காக்க வேண்டும், எதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறோமா?

இதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஏறத்தாழ 10 வயதில் நபி (ஸல்) அவர்களின் ஊழியத்தில் சேர்ந்தவர்கள். ஒரு நாள் அவர்கள் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் வந்து, எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, அனஸை ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்ப நேரமாகிவிட்டது. ஏன் தாமதம் என்று தாயார் கேட்க, நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் பிள்ளை. என்ன வேலை என்றதற்கு, அது இரகசியம் என்றார். தாயார் கோபிக்கவில்லை, அதை ஒருவரிடமும் சொல்லாதே என்றார்கள். பின்னாளில் தம் மாணவர் தாபித் அவர்களிடம்கூட அனஸ் (ரலி) அதை வெளியிடவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பிள்ளை பொய் சொல்லவில்லை. பாக்கி கேட்டு ஆள் வந்தால், "வாப்பா வீட்டில் இல்லையென்று சொல்" என நம்மில் சிலர் பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறோம். இது இரகசியம் காக்கும் பயிற்சியல்ல, பொய்க்குப் பயிற்சி.

இரண்டாவது, வேலைதான் இரகசியம். அனுப்பியவர் யார் என்பது இரகசியமல்ல. பலர் காணவே அழைத்தார்கள். தாயாருக்கும் அது தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் எதுவும் தங்காது. பெருநாளுக்கு உம்மாவுக்கு வாங்கிய சேலையை அன்றிரவே சொல்லிவிடும். ஆறு, ஏழு வயதில் அடக்கி வைக்கக் கற்றுக்கொள்கிறது. கெட்ட எண்ணமுள்ளவனுக்கு இதுவே வாய்ப்பு. அவன் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து போகிற, தெரிந்த ஆளாகவே இருப்பான். பிள்ளையைத் தொட்டுவிட்டு, மிட்டாயோ காசோ கொடுத்து, உம்மாவிடம் சொல்லாதே என்பான். அது அமானிதமல்ல. "உன்னிடம் வந்ததையே மறைக்கச் சொல்பவர் யாராயிருந்தாலும், எங்களிடம் சொல். உன்னை ஏச மாட்டோம்" என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். மலேசியாவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுவர்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தும் புகார் செய்யாதிருப்பதும் குற்றமே. தாலியான் காசே 15999 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். குடும்ப மானம் போகுமென்று மூடி மறைப்பது, பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் குற்றவாளியைக் காப்பதாகும்.

மூன்றாவது, தாயார் பிள்ளையின் வாயைக் கிளறவில்லை. பிள்ளைகள் இரகசியம் சொல்வது நட்பின் அடையாளம். நம்பியவரிடம்தான் சொல்வார்கள். மகன் இரவில் பயந்து அழுததை மறுநாள் கடையில் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கும் தந்தையிடம், அவன் இனி எதையும் சொல்ல மாட்டான். பெரிய ஆபத்து வரும்போதும் சொல்ல மாட்டான்.

நாம் கடையைச் சாத்தி வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது முன்னதாகப் போய், அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.