நம்பிக்கைக்கு ஒரு தராசு

புது முகம் ஒன்று கடை வாசலில் நின்று இரண்டு மூட்டை சர்க்கரை கடனுக்குக் கேட்டால், எந்தத் தெரு, யாருக்குத் தெரிந்தவர் என்று விசாரித்த பிறகே பேரேட்டைத் திறக்கிறோம். இந்த நம்பிக்கையை ஒரு நாடு முழுவதற்கும் அளக்க முடியுமா? சமூகவியல் அறிஞர்கள் வெகுகாலமாக அளந்துதான் வருகிறார்கள்.

அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது மனிதர்களிடம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டுமா? அமெரிக்காவில் 1972-இல் 'நம்பலாம்' என்றவர்கள் 100-க்கு 46 பேர்; 2018-இல் 34 பேர். நார்வே, சுவீடன் நாடுகளில் 10-க்கு 6 பேருக்கு மேல் நம்பலாம் என்கிறார்கள்.

வியாபாரியின் கண்ணுக்கு இக்கேள்வியில் ஒரு கோளாறு உடனே தெரியும். நாம் நம்பிச் சரக்கும் கொடுப்போம், எச்சரிக்கையாகக் கையெழுத்தும் வாங்குவோம். இதில் எந்தப் பதிலைச் சொல்வது? 'பெரும்பாலான மனிதர்கள்' என்றால் யார் என்பதும் சிக்கல்தான். சீனாவில் பலர் 'நம்பலாம்' என்றாலும், அவர்கள் மனத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களே என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் உலக விழுமியங்கள் ஆய்வில் குடும்பத்தார், அக்கம்பக்கத்தார், முதன்முறை சந்திப்பவர், வேற்று மதத்தார் என்று பிரித்தும் கேட்கிறார்கள். நம் கடன் நோட்டும் அப்படிப் பிரித்துப் போட்ட கணக்குத்தானே!

வாய்ச்சொல் ஒன்று, செய்கை வேறு. 2019-இல் வெளியான ஆய்வுக்காக 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை, 'தெருவில் கிடந்தது' என்று சொல்லி வங்கி, ஓட்டல், தபால் நிலையம் போன்ற இடங்களின் கவுண்டர்களில் கொடுத்துவிட்டு வந்தார்கள். பணமில்லாத பைகளில் 100-க்கு 40 பைகளுக்கே உரியவருக்குத் தகவல் போனது. பணமிருந்த பைகளிலோ 51! பணம் கூடினால் நாணயம் குறையும் என்றுதான் பொருளாதார நிபுணர்களும் எதிர்பார்த்திருந்தார்கள்.

பொதுக் காரியங்களில் பங்கேற்பை அளக்கும்போது, எந்தெந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதோடு நிற்காமல், முனைந்து ஈடுபடுபவரா, பெயரளவில் இருப்பவரா என்றும் கேட்கிறார்கள். சந்தா ரசீதை மட்டும் எண்ணினால் எந்தச் சங்கமும் பலமாகத்தான் தெரியும்.

நம் சங்கங்களிலும் இப்படி ஒரு படிவம் கொடுத்துப் பார்க்கலாம். 'சங்கத்தின் மீது நம்பிக்கை உண்டா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே எழுதுவார்கள். போன வருடம் எத்தனை கூட்டத்துக்கு வந்தீர்கள், பக்கத்துக் கடைக்காரருக்குக் கைமாற்றுக் கொடுத்தீர்களா, கல்லாவை அவர் பொறுப்பில் விட்டுப் போவீர்களா என்று கேளுங்கள். படிவத்தில் பெயர் வேண்டாம். பூட்டிய பெட்டியில் போடட்டும். செயலாளர் பக்கத்தில் நின்று வாங்கினால் உண்மை வராது.