மஞ்சளின் மஹிமையும் மாத்திரையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கண்ணனை நீராட வருமாறு அழைக்கும் யசோதைப் பிராட்டியின் பாவனையில் பெரியாழ்வார் அருளிச்செய்த நீராட்டப் பதிகத்தில், குழந்தைக்காகத் தாய் எடுத்து வைத்திருக்கும் பொருள்களுள் மஞ்சளும் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆயர்பாடியில் அத்தாயின் கையில் இருந்த மஞ்சளே இன்றும் திருமஞ்சன வேதிகையிலும், திருமடைப்பள்ளியிலும், இல்லந்தோறும் அஞ்சறைப் பெட்டியிலும் இடம் பெற்று விளங்குகிறது. ப்ரஹ்மோத்ஸவத்தில் சூர்ணாபிஷேகத்தின்போது உரலில் இடித்து எம்பெருமானுக்குச் சாற்றி, அடியார்களுக்கு விநியோகிக்கப்படுவதும் மஞ்சள் சூர்ணமே.

இத்துணை மங்களமான பொருளாதலின், இதனை எவ்வளவு உட்கொண்டாலும் நன்மையே விளையும் என்ற எண்ணம் இக்காலத்தில் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளை மட்டும் நம்புவோரும், மஞ்சட்சத்தை அடைத்த குளிகைகளைத் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்குவோரும் பெருகிவிட்டனர். தரமணியில் உத்ஸவ ஸேவைக்கு வந்திருக்கும் அன்பர்கள் இவ்விஷயத்தின் உண்மையை அறிந்து செல்லுதல் நலம். மஞ்சள் உணவின் ஸ்தானத்தில் அளவோடு இருக்கும்போது நன்மை செய்கிறது. மருந்தின் ஸ்தானத்தில் அளவின்றி ஏற்றப்படும்போது தீமையும் செய்யக்கூடும் என்பதே ஈண்டு நிரூபிக்கப்படும் கருத்தாகும்.

பெயரும் சாஸ்திரமும்

முதலில் ஒரு சிறு ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘திருமஞ்சனம்’ என்ற சொல் மஞ்சளிலிருந்து பிறந்தது என்று கருதுவோர் உண்டு. அது ‘மஜ்ஜநம்’, அதாவது நீராடுதல், என்ற வடசொல்லின் தமிழ் வடிவமாகும். திருமஞ்சனத்தில் மஞ்சள் சேர்வது வழக்கமேயன்றிப் பெயருக்குக் காரணமன்று.

மஞ்சளுக்கு அமரகோசத்தில் ஹரித்ரா, காஞ்சநீ, பீதா, வரவர்ணிநீ என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இரவைக் குறிக்கும் சொற்களும் மஞ்சளுக்குப் பெயராகும் என்று அந்நூல் கூறுகிறது. ஆதலால்தான் வைத்ய நூல்களில் ‘நிசா’ என்று வருமிடத்தில் இரவு என்று கொள்ளாமல் மஞ்சள் என்று கொள்ளவேண்டும்.

சரக ஸம்ஹிதையில் மருந்துகள் அவற்றின் செயலுக்கேற்ப வர்க்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தோல் நோயைப் போக்கும் வர்க்கம், விஷத்தை முறிக்கும் வர்க்கம், மிகுந்த கொழுப்பைக் கரைக்கும் வர்க்கம் ஆகிய மூன்றிலும் மஞ்சள் இடம் பெற்றிருக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயமோ ப்ரமேஹத்திற்கு நெல்லிக்காயும் மஞ்சளும் சிறந்தவை என்கிறது. இந்நாளில் நீரிழிவு எனப்படுவது ப்ரமேஹத்தில் அடங்கியதே.

அதே சரக ஸம்ஹிதையில் ‘மாத்ராசிதீயம்’ என்றே ஓர் அத்யாயம் உண்டு. அளவோடு உண்ணுதலைப் பற்றியது அது. மாத்ரா என்பதற்கு அளவு என்று பொருள். மருந்துக் குளிகையை ‘மாத்திரை’ என நாம் அழைப்பதும் அளவிட்டுத் தரப்படுவது என்னும் பொருளிலேயேயாம். சொல் நிற்க, பொருளை மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

அயல்நாட்டில் நடந்த வழக்கு

தரமணியிலே மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமமாகிய சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்தின் வளாகம் ஒன்று இருப்பதை அன்பர்கள் அறிவர். புதுதில்லியில் தலைமை கொண்ட அக்குழுமம் மஞ்சளுக்காக அயல்நாட்டில் ஒருமுறை வாதாட நேர்ந்தது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவருக்கு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறை புதிய கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தி அங்கே புதுமையாகிவிட்டது.

குழுமம் இதனை எதிர்த்து 1996இல் மறு ஆய்வு கோரிற்று. ஸம்ஸ்க்ருதம், உருது, ஹிந்தி நூல்களிலிருந்தும், 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையிலிருந்தும் திரட்டிய 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1997இல் அக்காப்புரிமையின் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. இதனைத் தொடர்ந்து 2001இல் பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம் என்ற தொகுப்பும் தொடங்கப்பெற்றது. பழைய ஏடும் பழைய அச்சு நூலும் எத்துணை மதிப்புடையவை என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்திற்று. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய தமிழ் மருத்துவ நூல்கள் காக்கப்பட்டு வருவதன் பயனும் இதனால் விளங்கும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்டது மஞ்சள் வழக்கத்தின் பழமையேயன்றி, அதன் பலன் அன்று. மஞ்சளை நெடுங்காலமாகப் புண்ணில் இட்டு வருகிறோம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எந்தப் புண், எவ்வளவு மஞ்சள், எத்தனை நாள் என்ற வினாக்கள் அங்கே எழவேயில்லை. வழக்கில் வென்றதனால் மஞ்சள் ஸகல ரோக நிவாரணி ஆகிவிடாது.

இக்கால ஆராய்ச்சி

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளுக்குக் குர்க்குமின் என்று பெயர். 1815இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. 1910இல் இதன் வேதியியல் அமைப்பு அறியப்பட்டது. நல்ல மஞ்சட்பொடியில் இது நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கே உள்ளது. எஞ்சியது பெரும்பாலும் மாவுப்பொருளும், நாரும், வாசனைத் தைலமுமாம்.

குர்க்குமின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். குடலிலிருந்து இரத்தத்தில் மிகச் சிறிதே சேருகிறது. சேர்ந்ததையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் காரச்சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துச் சிலருக்குக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியதைக் கண்டனர். நம் திருக்கோயில் புளியோதரையை இங்கே நினைவு கூரலாம். மிளகாய் புகாத மடைப்பள்ளிகளில் மஞ்சளும், மிளகும், நல்லெண்ணெயும் கூடியே அது பக்குவமாகிறது.

பலனைப் பற்றிய ஆய்வுகள் இருவகைப்பட்டன. தாய்லாந்தில் முழங்கால் மூட்டுத் தேய்வுடையோர் 367 பேரைக் கொண்டு நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், மஞ்சட்சத்து நான்கு வாரத்தில் இபுப்ரோஃபென் என்ற வலி மருந்துக்கு நிகராக வலியைக் குறைத்தது. அதே நாட்டில் 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், அஜீரணத் தொல்லைக்கு ஒமிப்ரஸோலைப் போலக் குர்க்குமினும் உதவிற்று. ஆயினும் 2017இல் அமெரிக்க வேதியியல் இதழொன்றில் வெளிவந்த விரிவான ஆய்வுரை, குர்க்குமினைப் பற்றி 120க்கு மேற்பட்ட மனித ஆய்வுகள் நடந்தும், ஒரு நோயையேனும் அது தெளிவாகத் தீர்த்ததாக நிறுவப்படவில்லை என்று முடிவு கூறிற்று. ஆகவே மூட்டு வலிக்கும் அஜீரணத்திற்கும் உதவக்கூடும் என்பது வரை சொல்லலாம். புற்றுநோயையும் நீரிழிவையும் தீர்க்கும் என்று சொல்வது அதிவாதம்.

குளிகையின் அபாயம்

கடைகளில் விற்கும் குளிகைகள் பலவற்றில் 500 மில்லிகிராம் சத்து அடைக்கப்பட்டு, அதில் நூற்றுக்கு 95 பங்கு குர்க்குமின் வகையாக இருக்கிறது. அத்தகைய ஒரு குளிகைக்கு ஈடாகச் சமையல் மஞ்சட்பொடி 15 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து தேக்கரண்டி, வேண்டும். எந்த இல்லத்தரசியும் ஒருவருக்கு ஒரு நாளில் அவ்வளவு மஞ்சள் சமைத்ததில்லை. உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் உலக நல அமைப்பின் கூட்டு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம் குர்க்குமின் வரை நாள்தோறும் ஏற்கலாம் என்று வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 மில்லிகிராம்; பொடியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 6 கிராம், இரண்டு தேக்கரண்டி.

இவ்வெல்லையைக் கடந்ததன் விளைவும் தெரிய வந்துள்ளது. அமெரிக்காவில் மஞ்சள் குளிகைகளால் கல்லீரல் கேடுற்ற பத்துப் பேரைப் பற்றிய அறிக்கை 2022இல் வெளிவந்தது. அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். 2019இல் இத்தாலியிலும், 2023இல் ஆஸ்திரேலியாவிலும் அரசு அமைப்புகள் எச்சரிக்கை விடுத்தன. உறிஞ்சுதலைப் பெருக்க மிளகுச்சத்தைச் செறிவாகச் சேர்த்த குளிகைகளும் கேடு விளைத்தவற்றுள் இருந்தன. உணவில் நன்மை செய்த சேர்க்கையே சத்தாகச் செறிவுறும்போது அபாயமாகிறது.

உட்கொள்ளும் முறை

1. நால்வர் உண்ணும் ரசம், கூட்டு, சாற்றமுது இவற்றில் அரைத் தேக்கரண்டி விரலி மஞ்சட்பொடி போதும். நெய்யிலோ எண்ணெயிலோ தாளிப்பதும், மிளகு சேர்ப்பதும் நன்று.

2. இருமலும் தொண்டைக் கரகரப்பும் உள்ள நாளில், ஒரு தம்ளர் பாலில் கால் தேக்கரண்டி மஞ்சட்பொடியும், தட்டிய மிளகு இரண்டு மூன்றும் இட்டுக் காய்ச்சி, இரவில் இளஞ்சூடாகப் பருகலாம். நீரிழிவுடையோர் பனங்கற்கண்டை விலக்குக.

3. தை மாதத்தில் கிடைக்கும் பச்சை மஞ்சளைத் தோல் சீவி, சிறு வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சம்பழச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்து, இஞ்சி கூட்டித் தயிரமுதோடு சிறிது தொட்டுக்கொள்ளலாம்.

4. சமையலுக்கு விரலி மஞ்சளே உரியது. உருண்டையான குண்டு மஞ்சள் பூசிக் குளிக்கவும், கஸ்தூரி மஞ்சள் மேற்பூச்சுக்கும் உரியவை. அவற்றை உண்ணுதல் வழக்கமன்று.

விலக்க வேண்டியவர்கள்

பித்தநாளத்தில் அடைப்போ, பித்தப்பையில் கல்லோ உள்ளவர்கள், சிறுநீரகக் கல் உண்டாகும் இயல்பினர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், கர்ப்பிணிகள் ஆகியோர் உணவிலுள்ள அளவுக்கு மேல் மஞ்சளை மருந்தாக உட்கொள்ளலாகாது. நீரிழிவு மருந்து உண்போர் நெல்லியும் மஞ்சளும் கலந்த மருந்தை மேற்கொள்ள விரும்பின், தம் மருத்துவரிடம் தெரிவித்தே செய்யவேண்டும். உண்டுவரும் மருந்தை நிறுத்தவே கூடாது.

நாய் கடித்த புண்ணில் மஞ்சளை அப்பிவிட்டு வாளாவிருத்தல் உயிருக்கே அபாயம். அப்புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். தீப்புண்ணிலும், ஆழ்ந்த வெட்டுக்காயத்திலும், பிறந்த குழந்தையின் தொப்புளிலும் மஞ்சட்பொடியைத் தூவுதல் கூடாது.

கலப்படம்

மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் ஏற்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறப்பொருளைச் சேர்க்கும் தீவழக்கம் தெற்காசியாவில் பரவியிருப்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். ஈயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது. வங்காளதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சளில் ஏறக்குறையப் பாதியில் ஈயம் காணப்பட்டது. அரசு கடுமையாகக் கண்காணித்ததன் பயனாக 2021இல் அது முற்றும் ஒழிந்தது. நம் நாட்டிலும் பாட்னா நகரத்து மஞ்சளில் மிகுந்த ஈயம் இருந்ததாக 2024இல் ஆய்வு வெளிவந்தது.

கண்ணைப் பறிக்கும் நிறத்தை நாடாமல், மெருகேற்றாத விரலி மஞ்சளை வாங்கிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அரைத்து வைத்துக்கொள்வது உத்தமம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் நம் மாநிலத்திலேயே விளைகிறது. ஒரு தம்ளர் நீரில் சிறிது பொடியைத் தூவினால் நல்ல பொடி அடியில் படிந்து நீர் இலேசாகவே மஞ்சளாகும். செயற்கைச் சாயம் கலந்திருப்பின் நீர் முழுதும் அடர்ந்த நிறமாகும். இச்சோதனை சாயத்தைக் காட்டுமேயன்றி ஈயத்தை உறுதியாகக் காட்டாது.

முடிவுரை

உத்ஸவத்தில் அடியார்கள் பெறும் மஞ்சள் சூர்ணம் சிரஸிலும் நெற்றியிலும் தரிக்கத்தக்க பகவத் ப்ரஸாதம். அதனை நீரில் கரைத்து மருந்தாகப் பருகுவதும், நோயுற்ற குழந்தைக்கு மருந்துக்குப் பதிலாகப் புகட்டுவதும் தகாது. ப்ரஸாதம் எம்பெருமானுடைய அநுக்ரஹத்தின் அடையாளம். வைத்யனும், வைத்யன் தரும் மருந்தும் அதே அநுக்ரஹத்தின் மற்றொரு வழி. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் பக்தியாகாது.

யசோதைப் பிராட்டி மஞ்சளை எடுத்து வைத்தது குழந்தையைக் குளிப்பாட்டி அழகு பார்ப்பதற்காக. அத்தாயின் அன்பும் அளவும் நம் இல்லத்துச் சமையற்கட்டிலும் இருக்குமாயின், மஞ்சள் என்றும் மங்களமாகவே இருக்கும்.

சுபம்