விரதம் இருக்கிறோம், உடம்பு தேறுகிறதா?

இந்த மாதப் பாடம் உடல்நலம். "சமய வகுப்பில் எதுக்கு டயட் பேச்சு?" என்று ஷா ஆலம் வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்விதான்.

திருக்குறளில் 95ஆவது அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. எடுத்துப் பாருங்கள். சூரணம், லேகியம் எதுவும் அங்கே இல்லை. 10 குறளில் 6 குறள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. முன்பு சாப்பிட்டது செரித்ததா, நன்றாகப் பசிக்கிறதா, அளவு தெரிகிறதா என்பதுதான் வள்ளுவரின் அக்கறை. ஆகவே இது நமக்குப் புதுப் பேச்சு அல்ல.

1. நம் நிலை

2019-ல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். 10 பேரில் ஏறக்குறைய 3 பேர். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், ஆய்வே தேவைப்படாது.

என் மாமா ஒருவர் லாரி ஓட்டுநர். இனிப்புநீர் இருப்பது தெரிந்தும், "வலி ஒண்ணும் இல்லையே" என்று பத்து வருஷம் ஓட்டினார். இன்று வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், கிள்ளானில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். லாரி விற்றாயிற்று. அத்தை வேலைக்குப் போகிறார். இனிப்புநீரின் குணமே இதுதான்: வலிக்காது, வலிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

2. தட்டும் கோப்பையும்

நம் சுகாதார அமைச்சு சொல்லிக்கொடுக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' உங்களுக்குப் பள்ளியிலேயே தெரியும். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்பு, முட்டை அல்லது மீன், அரைப் பாகம் காய்கறி, பழம். நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் முக்கால் பாகம் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். சோற்றை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். கீரை, புடலங்காய், வெண்டைக்காய், பயறு எல்லாம் பாட்டி சமைத்ததுதான். சைவம் என்பதாலேயே ஒரு சாப்பாடு நல்லதாகிவிடாது. எண்ணெயில் பொரித்த வடையும் சைவம்தான்.

அடுத்தது கோப்பை. தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் என்று வைத்தால்கூட ஏறக்குறைய 20 கிராம் சீனி. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது. ஷிப்ட் முடிந்து மாமாக் கடையில் இரண்டு கோப்பை குடித்தால் 40 கிராம் உள்ளே போய்விட்டது. அடுத்த தடவை "குராங் மானிஸ்" என்று சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

3. விரதம்

'உபவாசம்' என்றால் அருகில் இருத்தல். இறைவனுக்கு அருகில் இருப்பது. பட்டினி அதன் ஒரு பகுதி மட்டுமே. ஏகாதசி மாதம் இரண்டு, கந்த சஷ்டி ஆறு நாள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்கு 48 நாள். ஆண்டு முழுக்க நாக்கை அடக்கிப் பழக இவ்வளவு வாய்ப்பு நம் மரபில் இருக்கிறது.

நடப்பது என்ன? பகலெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, இரவில் பாயசம், கேசரி, ஜவ்வரிசி வடை, அப்பளம் என்று ஒரே மூச்சில் முடிக்கிறோம். தைப்பூசத்துக்கு 48 நாள் கட்டுப்பாடாக இருந்தவர், மறுநாளே பழைய கணக்கையெல்லாம் தீர்க்கிறார். உடம்புக்கு இதனால் என்ன பயன்? விரதத்தை மோர், பழம், கொஞ்சம் சுண்டல் என்று மெதுவாக முடியுங்கள். பகலில் தண்ணீர் குடியுங்கள், நம் ஊர் வெயில் பொல்லாதது.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும் இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக்கூடாது. சீனி அளவு திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். அப்போது உடனே இனிப்பாக ஏதாவது கொடுத்து விரதத்தை நிறுத்திவிடுங்கள். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் மரபே விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்பா அம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது உங்கள் கடமை.

4. வீட்டுப் பயிற்சி

ஷா ஆலமில் ஏரிப் பூங்கா அழகுதான். ஆனால் எல்லாராலும் தினமும் போக முடியாது. சாயங்காலம் மழை, சாலையில் ஜேம். ஜிம்முக்கு மாதக் காசு வேறு. ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், அதில் 2 நாளாவது தசைக்குப் பயிற்சி. ஒரு நாளைக்கு 30 நிமிடம், 5 நாள். இப்படிப் பிரிக்கலாம்:

• சூரிய நமஸ்காரம் 6 சுற்று, பழகியதும் 12. மூச்சு விட்டு மூச்சு வாங்கி, நிதானமாக.
• பஸ்கி 10 வீதம் 3 முறை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் இதன் தம்பிதான்.
• தண்டால் 10. முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம்.
• இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடை. வீட்டு வாசலிலேயே நடந்தாலும் சரி, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும்.

மூட்டு வலி, இருதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். தனியாகச் செய்தால் மூன்றாம் நாள் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மனசு சொல்லும். அண்ணன், தங்கை, அம்மா என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. இந்த வார வேலை

• அளவு நாடாவால் இடுப்பை அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் கவனம் தேவை.
• இனிப்புநீர் சோதனை செய்யாத பெரியவர் வீட்டில் இருந்தால், அரசாங்கக் கிளினிக்குக்கு நீங்களே அழைத்துப் போங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு 7.0-ஐ எட்டினால் டாக்டர் அடுத்த வழியைச் சொல்வார்.
• அடுத்த ஏகாதசியன்று என்ன சாப்பிட்டு விரதம் முடித்தீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

கலந்துரையாட:

அ) நம் கோயில் அன்னதானத்தில் ஒரு காய்கறி கூட்டி, ஓர் இனிப்பைக் குறைக்க முடியுமா? யாரிடம், எப்படிப் பேசுவது?
ஆ) "சாமி பிரசாதம், வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்று பாட்டி தட்டை நீட்டுகிறார். இனிப்புநீர் உள்ள அப்பா என்ன செய்யலாம்?

பதில்களை அடுத்த வகுப்புக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். இடுப்பளவையும் மறக்க வேண்டாம்; மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்போம்.