கூரை மாற்ற வந்தவர்கள்

நுழையும்முன்

வீட்டிற்குக் கூரை மாற்றும் பணி பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நேரும். அப்பணியை யாரிடம் ஒப்படைப்பது? தம் தாத்தா அதை முடிவுசெய்த விதத்தைப் பெயர்த்தி ஒருவர் இப்பாடத்தில் நினைவுகூர்கிறார்.

கர்நாடக மாநிலத்துத் தங்கவயலில் என் தாத்தாவின் வீடு இருக்கிறது. சுரங்க வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்று அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தாத்தா 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்படும்வரை அங்குப் பணியாற்றினார். நாங்கள் பெங்களூரில் வாழ்ந்தாலும் கோடை விடுமுறைக்குத் தவறாமல் அவ்வீட்டிற்குச் செல்வோம்.

அவ்வீட்டின் கூரை மங்களூர் ஓட்டினால் வேயப்பட்டது. இவ்வகை ஓடு செய்யும் ஆலையைப் பாசல் மிஷன் என்னும் அமைப்பினர் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கினர். பழைய ஓடுகளைத் திருப்பிப் பார்த்தால் ஆலையின் பெயர் புடைப்பெழுத்துகளில் இருக்கும். சிறுவயதில் அவ்வெழுத்துகளை விரலால் தடவிப் படிப்பது எனக்கு ஒரு விளையாட்டு. நல்ல ஓடு தலைமுறைகளைக் கடந்தும் உழைக்கும். அதைத் தாங்கும் மரம் அவ்வளவு காலம் உழைப்பதில்லை.

நான் ஏழாம் வகுப்பு முடித்த ஆண்டு, கைமரங்களைக் கரையான் அரித்துவிட்டது. கோடை மழை பெய்தபோது பாட்டி மூன்று இடங்களில் பாத்திரம் வைத்தார். கூரையை மாற்றியே ஆகவேண்டும் என்று தாத்தா முடிவுசெய்தார், ஆனால் அஞ்சினார். அதற்குக் காரணம் இருந்தது. அடுத்த தெருவில் தனியாக வாழ்ந்த மூதாட்டி ஒருவர், முந்தைய ஆண்டில் முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுத்திருந்தார். கூரையைப் பிரித்த ஒப்பந்தக்காரர் திரும்பி வரவில்லை. மழையில் மண்சுவர் கரைந்து சரிந்தது. குறையாக விடப்பட்ட பணிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். இப்போது 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். ஆயினும் கொடுத்த பணத்திற்குச் சான்று வேண்டுமே! அவரிடம் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

எங்கள் வீட்டிற்கு மூவர் வந்தனர். முதலாமவர் தெருவில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்து ஒரு தொகையைச் சொன்னார். மூவரும் சொன்னவற்றுள் அதுவே குறைவு. “இன்றே பாதிப்பணம் கொடுத்தால்தான் இந்த விலை” என்றார். பாட்டிக்கு அவரைப் பிடித்துவிட்டது. இரண்டாமவர் ஓடுகளை அகற்றிவிட்டுக் கல்நார்த் தகடு போடலாம் என்றார். அத்தகடு உடையும்போது எழும் நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது என்று நான் பள்ளியில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் விரைவில் விடைபெற்றார்.

மூன்றாமவர் ஒரு மேஸ்திரி. வந்ததும் ஏணி கேட்டார்; பிறகு திருப்புளி கேட்டார். ஒவ்வொரு கைமரத்தையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார். சில இடங்களில் அது மாவில் இறங்குவதுபோல் இறங்கியது. ஓடுகளை விரல்மூட்டால் தட்டினார். நல்ல ஓடு மணிபோல் ஒலித்தது. விரிசல் கண்ட ஓட்டின் ஒலி மங்கியிருந்தது. பின்னர்க் கூரையை அளந்தார்.

“பெரியவரே, வீட்டின் தரை 600 சதுர அடி. ஆனால் கூரை சரிவாக இருக்கிறது. இறவாரமும் வெளியே நீண்டிருக்கிறது. ஆகவே, கூரையின் பரப்பு ஏறத்தாழ 850 சதுர அடி. 1,300 ஓடுகள் வேண்டும். பழையவற்றில் 900 நன்றாக உள்ளன. புதிதாக 400 வாங்கினால் போதும். மரம் மட்டும் முழுவதும் மாற்றவேண்டும்” என்றார்.

முதலாமவர் தரையின் அளவை வைத்தே விலை சொன்னார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கூரையைப் பிரித்த பிறகு மீதி 250 சதுர அடிக்கும் அவர் பணம் கேட்டிருந்தால், திறந்த வீட்டிற்குள் நின்றுகொண்டு எப்படி மறுப்பது?

தாத்தா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மேஸ்திரி மூன்று ஆண்டுகளுக்கு முன் கூரை வேய்ந்த வீடு ஒன்றிற்குச் சென்றோம். “ஒழுகுகிறதா?” என்று தாத்தா கேட்கவில்லை. “ஏதேனும் குறை கண்டு கூப்பிட்டபோது வந்தாரா?” என்றே கேட்டார். “இருமுறை வந்தார்” என்றார் அவ்வீட்டுக்காரர்.

ஒப்பந்தம் எழுதவேண்டும் என்றபோது மேஸ்திரியின் முகம் வாடியது. “வாய்ச்சொல் போதாதா, பெரியவரே?” என்றார்.

“உம்மேல் ஐயம் கொண்டு கேட்கவில்லை, மேஸ்திரி. எனக்கு வயதாகிறது. என்ன பேசினோம் என்பதை நானே மறந்துவிடுவேன்” என்றார் தாத்தா.

தாத்தாவின் கண்பார்வை குறைந்திருந்ததால் எழுதும் பணி என்னிடம் வந்தது. மரத்தின் வகை, கனம், ஓடுகளின் எண்ணிக்கை, தொடங்கும் நாள், முடிக்கும் நாள், இடையில் மழை வந்தால் தார்ப்பாய் கொண்டுவரும் பொறுப்பு, மேலே ஏறுவோருக்குக் கயிறு ஆகியவற்றை எழுதினேன். பணம் பத்துப் பங்காகப் பிரிக்கப்பட்டது. மரம் வந்து இறங்கியதும் மூன்று பங்கு, கைமரம் ஏறியதும் மூன்று, ஓடு வேய்ந்ததும் மூன்று. எஞ்சிய ஒரு பங்கு, ஒரு பெருமழை பார்த்த பின்னரே. இந்தக் கடைசி வரியை மேஸ்திரி இருமுறை படித்தார். பிறகு சிரித்தார். “பாப்பா, ‘மறம்’ என்று எழுதியிருக்கிறாய். அது வீரம். எனக்கு வேண்டியது மரம்” என்று திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

பணி பதினொரு நாளில் முடிந்தது. மே மாத இறுதியில் ஓரிரவு இடியுடன் மழை கொட்டியது. யாரும் உறங்கவில்லை. பாட்டி பாத்திரங்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார். விடியற்காலையில் அடுப்பங்கரையில் மட்டும் துளித்துளியாய் நீர் சொட்டியது. தாத்தா சொல்லி அனுப்பும் முன்பே மேஸ்திரி ஏணியோடு வாசலில் நின்றார். முகட்டு ஓடு ஒன்று சற்றே விலகியிருந்தது. அதைப் பூசிச் சரிசெய்து கீழே இறங்கிய பிறகுதான் எஞ்சிய பங்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சொல்லும் பொருளும்

வேய்தல் – கூரை அமைத்தல்
கைமரம் – கூரையின் சரிவைத் தாங்கும் மரம்
இறவாரம் – சுவருக்கு வெளியே நீளும் கூரையின் பகுதி
முகடு – கூரையின் உச்சி
கல்நார் – ஆஸ்பெஸ்டாஸ்

பயிற்சி

1. தரையின் பரப்பும் கூரையின் பரப்பும் வேறுபட்டது ஏன்? படம் வரைந்து விளக்குக.
2. தாத்தா “ஒழுகுகிறதா?” என்று கேளாமல் வேறொரு வினாவைக் கேட்டது ஏன்?
3. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க: மரம் – மறம், கரை – கறை, இரங்கு – இறங்கு.
4. உங்கள் வீட்டில் வண்ணம் பூச ஒருவரை அமர்த்துவதாகக் கொண்டு, பெற்றோருடன் கலந்து பேசித் தமிழில் ஓர் ஒப்பந்தத்தாள் எழுதுக.