சத்தம் போடாத தப்புகள்

டேட்டாபேஸ் வேலையில எரர் மெசேஜ் வந்தா சந்தோஷப்படு தங்கச்சி. எங்க இடிக்குதுன்னு அதுவே சொல்லிடும். க்வெரி ஓடிடும், விடையும் வரும், ஆனா அது தப்பா இருக்கும் பாரு, அதுக்குத்தான் பயப்படணும். மாசக் கணக்கு முடிக்கும்போது அக்கவுண்ட்ஸ்காரங்க வந்து நின்னாதான் தெரியும்.

டெலீட், அப்டேட் ரெண்டையும் எடுத்த எடுப்புல ஓட்டாதே. அதே வேர் கண்டிஷனோட முதல்ல செலக்ட் போட்டு எத்தனை வரி வருதுன்னு பாரு. அப்புறம் பிகின் போட்டு அப்டேட் ஓட்டு. எண்ணிக்கை ஒத்துப்போனா கமிட்; 12 மாறவேண்டிய இடத்துல 12,000 மாறியிருந்தா ரோல்பேக். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்ல சேஃப் அப்டேட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, வேரும் லிமிட்டும் இல்லாத அப்டேட்டை அது ஓடவே விடாது. அதுக்கு இன்னொரு பேரு 'ஐ ஆம் எ டம்மி'. ரோஷப்படாம போட்டுக்கோ. ஆனா ட்ராப் டேபிள், ஆல்டர் டேபிளுக்கு மைஎஸ்க்யூஎல்லயும் ஆரக்கிள்லயும் ரோல்பேக் கிடையாது, ஓடினதுமே கமிட் ஆயிடும். போஸ்ட்கிரெஸ்ல உண்டு.

நல் (NULL) விஷயத்துல உஷாரா இரு. ஆர்டரே போடாத கஸ்டமர் யாருன்னு நாட் இன் வெச்சுக் கேக்கறே. ஆர்டர் டேபிள்ல ஒரே ஒரு வரியில கஸ்டமர் நம்பர் நல்னு இருந்தாலும் போதும், ஒருத்தர்கூட வரமாட்டாங்க. நல்னா 'தெரியாது'ன்னு அர்த்தம். 5 அந்தத் தெரியாததுக்குச் சமமில்லையான்னு கேட்டா, அதுக்கும் பதில் 'தெரியாது'தானே? நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதிப் பழகு.

தேதி பிட்வீனும் இதே ரகம். நேரமும் சேர்ந்த காலம்ல (column) மார்ச் 1, மார்ச் 31னு கொடுத்தா, 31ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோட நின்னுடும், அன்னிக்கு நடந்த வியாபாரம் முழுக்கக் காணாமப் போகும். மார்ச் 1 அல்லது அதுக்கு மேல, ஏப்ரல் 1க்குக் கீழன்னு எழுது. காலத்தை இயர், மன்த் ஃபங்ஷன் ரெண்டுக்குள்ளயும் போட்டாலும் விடை சரியா வரும், ஆனா அந்தக் காலத்து மேல இருக்கற சாதாரண இண்டெக்ஸ் உதவாது. சந்தேகம்னா எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாத்துக்கோ.

பணத்துக்கு ஃப்ளோட் வேணாம், டெசிமல். போன் நம்பருக்கு இன்டிஜர் வேணாம், முன்னாடி இருக்கற சைபர் போயிடும்.

தமிழ்ல பேரு, ஊரு சேமிக்கற ப்ராஜெக்ட்னா இன்னும் கொஞ்சம் பாக்கணும். எஸ்க்யூஎல் சர்வர்ல வழக்கமான வார்சார் காலம்ல தமிழைப் போட்டா வரிசையா கேள்விக்குறிதான் உக்காந்திருக்கும், மூல எழுத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது. என்வார்சார் வை, க்வெரியில நேரா எழுதற பேருக்கு மேற்கோள் குறிக்கு முன்னாடி 'என்' எழுத்தையும் போடு. மைஎஸ்க்யூஎல்லோட பழைய யூடிஎஃப்8 ஒரு எழுத்துக்கு 3 பைட்தான் தரும். தமிழுக்கு அது போதும், அதனால டெஸ்ட்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும். யாராவது எமோஜி போட்டாதான் வம்பு, அதுக்கு 4 பைட் வேணும். ஸ்ட்ரிக்ட் மோட் இல்லேன்னா எமோஜியிலேர்ந்து மிச்சத்தை வெட்டிட்டு வெறும் வார்னிங்கோட போயிடும். யூடிஎஃப்8எம்பி4 வெச்சுடு.

அளவும் கவனி. 'ஸ்ரீதேவி' கண்ணுக்கு மூணெழுத்து, டேட்டாபேஸுக்கு 8. பேருக்கு 20 போதும்னு ஸ்பெக்ல எழுதறவங்க இங்கிலீஷ் பேரை நினைச்சு எழுதறாங்க. இதைவிடக் குசும்பு 'கோமதி'. அந்த ஓகாரக் குறி ஒரே கோட்பாயின்ட்டாவும் வரலாம், ஏகாரக் குறியும் கால் குறியும்னு ரெண்டு கோட்பாயின்ட்டாவும் வரலாம். திரையில வித்தியாசமே தெரியாது. ஆனா போஸ்ட்கிரெஸ் சாதாரணமா ரெண்டையும் வேற வேற பேராத்தான் பாக்கும். யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டும் ரெண்டையும் உள்ள விட்டுடும். போஸ்ட்கிரெஸ் 13லேர்ந்து நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கு. சேமிக்கும்போதே அதுல போட்டு எடு.

கடைசியா பேக்கப். 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப் கம்பெனியில நடந்ததை அவங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க, தேடிப் படி. ரெண்டாவது சர்வர்னு நினைச்சு ஒருத்தர் முதல் சர்வரோட டேட்டா டைரக்டரியை அழிச்சுட்டார், சுமார் 300 ஜிபி. சரி, பேக்கப் இருக்கேன்னு போனா அங்க ஒண்ணுமில்ல. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த டூல் 9.2 வெர்ஷன். வெர்ஷன் ஒத்துப்போகாம பேக்கப் ரொம்ப நாளா ஃபெயில் ஆயிட்டு இருந்திருக்கு, அதைச் சொல்லவேண்டிய மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. வேற வேலைக்காக 6 மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு.

அதனால ப்ரொடக்ஷன் டெர்மினலுக்கு சிவப்புக் கலர் வெச்சுக்கோ. மாசம் ஒருதரம் பேக்கப்பைத் தனி மெஷின்ல ரிஸ்டோர் பண்ணி, நாலு பெரிய டேபிள்ல வரி எண்ணிப் பாரு. எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் குறிச்சு வை. நிஜமாவே சர்வர் படுத்துட்டா மேனேஜர் முதல்ல கேக்கப் போறது அதைத்தான்.