வேற்றுமை மெய்யோ, தற்செயலோ?

கெடிலக் கரையிலுள்ள திருவதிகை தமிழ் பயில்வார் எவர்க்கும் உரிய ஊராகும். சூலைநோயால் வருந்திய மருணீக்கியார், தமக்கையார் திலகவதியாரை அடைந்து, நோய் நீங்கி நாவுக்கரசரானது இவ்வூரிலே என்பர் சேக்கிழார். அவ்வூரைக் காணும் விருப்பினால் யாம் ஒருகால் சென்றிருந்தபோது, மரநிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், பண்ணுருட்டியிலுள்ள தம் தோட்டத்துப் பலாப்பழம் அயல் தோட்டத்துப் பழத்தினும் எடை மிக்கது என்று பெருமிதத்தோடு உரைத்தார். "அஃது எங்ஙனம் தெரியும், ஐயா?" என்றோம். "தூக்கிப் பார்த்தவன் கைக்குத் தெரியாதா, தம்பி?" என்றார் அவர்.

அவர் கையை ஐயுறுதல் எம் கருத்தன்று. ஆயினும், ஒரே மரத்துக் காய்கள் தாமும் ஒன்றுபோல் மற்றொன்று இரா. அங்ஙனமாக, இரு தோட்டங்களில் எடுத்த சில பழங்களின் சராசரி எடை வேறுபட்டால், அவ்வேற்றுமை தோட்டத்தால் வந்ததோ, எடுத்த பழங்களின் தற்செயலால் வந்ததோ என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை காணும் முறையே புள்ளியியலார் கூறும் கருதுகோள் சோதனை.

முதற்கண், "இரு தோட்டத்துக்கும் வேற்றுமை இல்லை" என்றே கொள்க. இதனை இன்மைக் கருதுகோள் என்பர். பின்னர், அக்கொள்கை மெய்யாயின் யாம் கண்ட வேற்றுமை எளிதில் நிகழக்கூடியதோ என்று கணக்கிடுக. ஓர் எடுத்துக்காட்டு: தோட்டத்துக்கு 25 பழம் நிறுத்தோம் என்றும், சராசரி எடை ஒன்றில் 13 கிலோ, மற்றதில் 12 கிலோ என்றும், பழங்கள் சராசரியினின்று விலகும் திட்ட விலக்கம் இரண்டிலும் 4 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். விலக்கத்தின் வர்க்கமாகிய 16ஐப் பழத்தொகையாகிய 25ஆல் வகுத்து, இரு தோட்டத்துக்கும் கூட்டி, வர்க்கமூலம் காணின் 1.13 வரும். இதுவே திட்டப்பிழை. கண்ட வேற்றுமையாகிய 1 கிலோ இப்பிழையளவினும் குறைவு. ஆகவே அது தற்செயலாயிருத்தல் மிக எளிது. தோட்டத்துக்கு 400 பழம் நிறுத்தும் அதே 1 கிலோ வேற்றுமை காணப்படின், திட்டப்பிழை 0.28 ஆகச் சுருங்கும். வேற்றுமை அதன் மூன்றரை மடங்காகும். அப்பொழுது முதியவர் கூற்றுக்கு வலிமை உண்டு.

பிழையளவைப் போல் ஏறத்தாழ 2 மடங்கைக் கடந்த வேற்றுமையையே பொருட்படுத்துவது வழக்கு. உண்மையில் வேற்றுமை இல்லாவிடத்து, அத்துணை வேற்றுமை 100 முறையில் ஏறக்குறைய 5 முறையே தோன்றும். இவ்வெல்லையைப் பரவச் செய்தது 1925இல் வெளிவந்த ரொனால்டு பிஷரின் நூலாகும். அவர்க்கு முன்னரே, 1908இல், சிறிய மாதிரிகளின் சராசரியை ஆராயும் முறையைக் கண்டவர் டப்ளின் நகரத்து மதுவடிசாலையில் பணியாற்றிய காசெட் என்பார். அவர் புனைந்துகொண்ட பெயர் 'மாணாக்கன்' என்பது எம்போன்ற மாணாக்கர்க்கு உவகை தருவதன்றோ!

இச்சோதனையில் இருவகைப் பிழை நேரலாம். இல்லாத வேற்றுமையை உண்டென்பது ஒன்று. உள்ளதை இல்லையென்பது மற்றொன்று. சிலப்பதிகாரம் கற்றார்க்கு முதற்பிழை நன்கு விளங்கும். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததையே சான்றாகக் கொண்டு, ஆராயாது கொலைத் தண்டம் விதித்தான் பாண்டியன். கள்வனைக் கள்வனல்லன் என்று விடுத்திருப்பின் அஃது இரண்டாம் பிழை. ஒன்றை அஞ்சி மிக இறுக்கின், மற்றொன்று பெருகும்.

பழத்தின் எடையன்றி உயிரே துலாக்கோலில் நின்ற வழக்கு ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. அக்காலத்தில் நம் நாட்டுக் காசநோயாளருக்குச் சானடோரியப் படுக்கைகள் சிறிதும் போதாவாயின. குடும்பத்தைக் காப்பவன் ஓராண்டு பிரிந்து கிடப்பின் இல்லம் என்னாகும்? வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமோ? இவ்வினாவை ஆராய 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 193 நோயாளரை இரு பாலாகப் பிரித்தனர். இன்னார் வீட்டுக்கு, இன்னார் சானடோரியத்துக்கு என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாது, உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலைபோல் தற்செயலுக்கே விட்டனர். நோய் மெலிந்தார் ஒருபுறம் திரளாதிருத்தற்கு இதுவே காவல். இரு பாலார்க்கும் மருந்து ஒன்றே.

முடிவு 1959இல் வெளிவந்தது. ஓராண்டு நிறைவில் கிருமி அடங்கியோர் வீட்டாருள் 100க்கு 86, சானடோரியத்தாருள் 92. முதன்மைக் கணக்கிற்கு வந்தோர் பாலுக்கு ஏறக்குறைய 80 பேர். இங்கு ஒப்பிடுவது சராசரியன்று, விகிதம். இரு பாலையும் சேர்த்த விகிதம் 0.89, எஞ்சியது 0.11. இவற்றைப் பெருக்கி, 80ஆல் வகுத்து, இரட்டித்து, வர்க்கமூலம் காணின் திட்டப்பிழை 100க்கு 5 அளவாகும். வேற்றுமை 6, பிழையளவின் 1.2 மடங்கே. எனவே தற்செயலன்று எனத் துணிதற்கு இடமில்லை.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. "வேற்றுமை நிறுவப்படவில்லை" என்பது "வேற்றுமை இல்லை" என்பதன்று. இவ்வெண்களைக் கொண்டு நோக்கின், சானடோரியம் 100க்கு 16 வரை மேம்பட்டிருக்கவும், 4 வரை தாழ்ந்திருக்கவும் கூடும். ஆயினும் ஆராய்ந்தோர் ஒரு கணக்கோடு அமையவில்லை. சானடோரியத்தார் நல்லுணவு பெற்றுச் சராசரியில் மிகுந்த உடலெடை அடைந்தனர். உணவும் ஓய்வும் குறைந்த வீட்டாரும் மருந்தால் பெரும்பாலும் நலம் பெற்றனர். ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கியும், வீட்டில் மருந்துண்டார் குடும்பத்தினர்க்கு நோய் மிகுதியாய்த் தொற்றியதில்லை. இவை கூடியே வீட்டு மருத்துவத்துக்கு வழி திறந்தன. படுக்கை கிடையாத எண்ணிறந்த ஏழையர் பிழைத்தது இதனாலாகும்.

தோழர்களே, கணக்கு எமக்கு உரிய பாடமன்று. தமிழே எம் பாடம். எனினும், சான்று கேட்டுத் துணிதல் இரு துறைக்கும் பொது. திருவதிகைப் பெரியவரை மீண்டும் காணின், "ஐயா, தங்கள் கை பொய் கூறாது, ஆயினும் எத்தனை பழம் தூக்கினீர்கள்?" என்று பணிவுடன் வினவுவோம்.